சிறை மீண்டவரின் கைத்தொழில்





சூரா யூசுபை ஓதாத வீடு நம்மில் குறைவு. பிள்ளை அழகாகப் பிறக்க வேண்டும் என்ற ஆசையில் மசக்கைக் காலத்திலிருந்தே ஓதி வரும் தாய்மார்களும் உண்டு. அந்த வழக்கத்தைப் பற்றி இங்கே நான் பேச வரவில்லை. ஆனால் அந்த சூராவில் அழகைப் பற்றிய பேச்சு சில ஆயத்துகளோடு முடிந்து விடுகிறது, சிறைச்சாலையைப் பற்றிய பேச்சோ நீண்டு செல்கிறது என்பதைக் கவனித்தீர்களா? ஒரு நபியைப் பல ஆண்டுகள் சிறையில் வைத்து, அங்கிருந்து வெளியே கொண்டு வந்த விதத்தை அல்லாஹு தஆலா நமக்கு விவரமாகச் சொல்லிக் காட்டுகிறான். கதை கேட்டு மகிழ்வதற்காக மட்டும் அப்படிச் சொல்லியிருப்பானா?

யூசுப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் சிறையில் இருந்தபோது, மன்னனின் கனவுக்கு விளக்கம் கேட்டு ஆள் வருகிறது. அவர்கள் விளக்கத்தோடு நிறுத்திக் கொள்ளவில்லை. ஏழு வருடம் தொடர்ந்து பயிரிடுங்கள், அறுத்ததைக் கதிரோடே விட்டு வையுங்கள், உண்பதற்கு வேண்டிய கொஞ்சத்தை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள் என்று விவசாய இலாகா அதிகாரி திட்டம் போடுவது போலப் போட்டுக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய உடல் சிறைக்குள் இருக்கும்போதே அவர்களுடைய திறமை வெளியே போய்ச் சேர்ந்து விட்டது. மன்னன் அவர்களை அழைத்து வரச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். கதவு திறந்தும் அவர்கள் வெளியே வரவில்லை! கையை வெட்டிக் கொண்ட அந்தப் பெண்களின் விஷயம் என்ன என்று முதலில் விசாரியுங்கள் என்று தூதரைத் திருப்பி அனுப்பி விட்டார்கள் (12:50). களங்கத்தைச் சுமந்து கொண்டு வெளியே வருவது பாதி விடுதலைதான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். விசாரணை நடந்து உண்மை வெளியான பிறகே வந்தார்கள். வந்தவருக்கு மன்னன் ஒரு பொற்கிழியைக் கொடுத்து, ஊருக்குப் போய்ச் சேருங்கள் என்று சொல்லவில்லை. அவர்களும் அப்படி எதையும் கேட்கவில்லை. நாட்டின் களஞ்சியங்களை என் பொறுப்பில் விடுங்கள், நான் பாதுகாக்கத் தெரிந்தவன், விஷயம் அறிந்தவன் என்று வேலையைத்தான் கேட்டார்கள் (12:55). எஜமானின் வீட்டில் நம்பிக்கைத் துரோகம் செய்தார் என்ற பழியால் சிறைக்குப் போனவரின் கையில் ஒரு நாட்டின் சாவிக் கொத்து கொடுக்கப்பட்டது.

நபிமார்கள் பாவம் செய்யாதவர்கள், நம் சிறைகளில் இருப்பவர்கள் குற்றவாளிகள், இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயமே. முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். 2022 ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பங்கினர் மீது எந்த நீதிமன்றமும் அதுவரை தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே தெருவில் நாம் தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். இனி, குற்றம் நிரூபணமாகித் தண்டனையையும் அனுபவித்து முடித்தவர் இருக்கிறார். யூசுப் நபிக்கு அந்தப் பெண்களின் வாக்குமூலம் எதைச் செய்ததோ, அதை இவருக்கு தவ்பா செய்கிறது. பாவத்திலிருந்து மீண்டவர் பாவமே செய்யாதவரைப் போன்றவர் என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அருளியிருக்கிறார்கள். அல்லாஹ்விடத்தில் முடிந்து போன கணக்கை நாம் ஏன் திறந்து வைத்துக் கொண்டிருக்கிறோம்?

சிறைக்குள் வேலை என்றால் அந்தக் காலத்தில் அது தண்டனையின் ஒரு பகுதி. வ.உ.சிதம்பரனார் அவர்கள் 1908 இல் சிறை புகுந்து, கோயம்புத்தூர் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்ததை நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பாடத்தில் படித்திருக்கிறார்கள். அந்தச் செக்கை இழுத்து அவர் எந்தத் தொழிலையும் கற்றுக் கொள்ளவில்லை. மனிதனை மாடாக்குவதே அதன் நோக்கம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அதே கோயம்புத்தூர் மத்திய சிறையில் தறி ஓடுகிறது. வேலூர் சிறையில் காலணி தைக்கிறார்கள். புழலில் ரொட்டி சுடுகிறார்கள். சிறைவாசிகள் செய்த பொருள்களைச் சிறை அங்காடி என்று பெயர் வைத்து வெளியே விற்கிறார்கள். பெட்ரோல் பங்குகளிலும் சிறைவாசிகளே நின்று பெட்ரோல் போடுகிறார்கள். வண்டியில் போகும்போது நீங்களே போட்டிருக்கலாம், தெரிந்திருக்காது. 1998 இல் குஜராத் வழக்கொன்றில், வேலை செய்யும் கைதிக்கு நியாயமான கூலி கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கூலியில் ஒரு பங்கை, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கி வைக்கச் சட்டம் கொண்டு வரவும் அரசுகளுக்கு வழிகாட்டியது.

இந்தக் கடைசி விஷயத்தில் ஆலிம்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அடியார்களின் ஹக்கில் கை வைத்தவனின் தவ்பா, வெறும் இஸ்திஃபாரோடு பூர்த்தியாகாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும். திருடியவன் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அவன் கையில் ஹலாலான சம்பாத்தியம் இருக்க வேண்டும். சம்பாதிக்கும் வழியை நாம் அடைத்து வைத்தால் அவனுடைய தவ்பாவின் ஒரு காலை நாமே ஒடித்து விட்டோம் என்றுதான் பொருள். குற்றத்தால் நஷ்டமடைந்த குடும்பத்துக்கும் அதனால் நன்மை ஏதும் இல்லை. சிறை மீண்டவருக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பவர்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களின் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். அதனால்தான் இதை இங்கே எழுதினேன்.

நம் முன்னோர் கைதியை எப்படி நடத்தினார்கள்? தமக்கே விருப்பமான உணவை ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் கொடுப்பவர்களை சூரா இன்சானில் அல்லாஹ் புகழ்கிறான் (76:8). ஹாரூன் ரஷீத் பாதுஷாவுக்கு இமாம் அபூயூசுப் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் எழுதிக் கொடுத்த கிதாபுல் கராஜில் சிறைவாசிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. விலங்கோடு வெளியே வந்து அவர்கள் பிச்சை எடுக்கும் நிலையை நிறுத்துங்கள், உணவுக்கும் கோடை, குளிர்கால உடைக்கும் பைத்துல் மாலிலிருந்து கொடுங்கள் என்று கலீபாவிடமே கண்டித்துச் சொல்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் விட என் உள்ளத்தைத் தொட்டது பத்ருக் கைதிகளின் செய்தி. ஹிஜ்ரி 2 இல் பிடிபட்ட அந்தக் குறைஷிகளில் சிலரிடம் மீட்புப் பணம் இல்லை; ஆனால் எழுதத் தெரியும். அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதே அவர்களுடைய மீட்புத் தொகை என்று நபியவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நாம் இதைக் கல்வியின் சிறப்பைச் சொல்வதற்கு மேடைதோறும் எடுத்துச் சொல்கிறோம். இன்னொரு பக்கமும் அதற்கு உண்டு. வாளோடு கொல்ல வந்தவரின் முன்னால் தங்கள் பிள்ளைகளை உட்கார வைக்க அந்தத் தாய் தந்தையர் சம்மதித்தார்களே! அவரிடம் இருந்த ஒரு தொழிலுக்கு அவர்கள் மதிப்புக் கொடுத்தார்கள். அப்படி எழுதக் கற்றவர்களில் ஜைது இப்னு தாபித் ரலியல்லாஹு அன்ஹு அவர்களும் ஒருவர் என்று இப்னு ஸஅது குறிப்பிடுகிறார்கள். பின்னாளில் குர்ஆனை ஒன்று திரட்டும் பணி யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ, அந்த ஜைது!

இப்போது என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

2019 இல் நான் ஒரு கடற்கரை ஊரில் பேஷ் இமாமாக இருந்தேன். ரஜபு மாதத்தில் ஒரு நாள், அசர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒருவர் தூண் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸலாம் சொல்லி விட்டுத் தன்னைப் பற்றிச் சொன்னார். ஒரு சண்டையில் ஒருவரை வெட்டிப் படுகாயப்படுத்திய வழக்கில் ஏழு வருடம் உள்ளே இருந்து விட்டு வந்தவர். அந்த ஊர்க்காரர்தான். தாயார் மட்டும் இருக்கிறார். நான் வழக்கம் போல ஜிப்பாவின் பைக்குள் கையை விட்டேன்.

"காசு வேணாம் ஹஜ்ரத்" என்றார். "உள்ளே தையல் படிச்சேன். அஞ்சு வருசம் யூனிஃபாரம் தைச்சேன். ஒரு மெஷின் இருந்தா நான் பொழைச்சுக்குவேன்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழரின் ஹதீது நினைவுக்கு வந்து கொண்டே இருந்தது. அவருடைய வீட்டில் இருந்த விரிப்பையும் குவளையையும் நபியவர்கள் தங்கள் கையாலேயே ஏலம் போட்டு இரண்டு திர்ஹம் பெற்று, ஒன்றுக்கு வீட்டுக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். அந்தக் கோடரிக்குத் தங்கள் முபாரக்கான கையாலேயே காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்று வாருங்கள், பதினைந்து நாளைக்கு உங்களை நான் பார்க்கக் கூடாது என்று அனுப்பினார்கள். அவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துக் கொண்டு வந்தார். என்னிடம் வந்தவர் கோடரியின் பெயரைத் தானே சொல்லிக் கேட்டு விட்டார்!

ஜகாத் பணத்தில் மெஷின் வாங்கலாமா என்று ஜமாஅத் கூட்டத்தில் கேள்வி எழுந்தது. தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழில் கருவி வாங்கும் அளவுக்கு, அது மலிவானதாயினும் விலை உயர்ந்ததாயினும், ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இமாம் நவவி அவர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், கடனோ குடும்பச் சுமையோ இல்லாத ஒருவருக்கு நிஸாபு அளவை ஒரே தடவையில் கொடுப்பது மக்ரூஹ் என்றாலும், ஒரு தையல் மெஷினின் விலை அந்த அளவை எட்டாது. கருவியாகவே வாங்கி அவருக்குச் சொந்தமாக்கியும் கொடுக்கலாம். இதை எல்லாம் நான் விளக்கினேன். ஜமாஅத்தினரும் ஏற்றுக் கொண்டார்கள். நோன்பு தொடங்குமுன் மெஷின் வந்து சேர்ந்தது. துஆ ஓதிக் கொடுத்தேன். நன்மையைச் செய்து முடித்து விட்டோம் என்று எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

துணி கொண்டு போய்க் கொடுக்க ஒருவரும் இல்லை, சகோதரர்களே.

ரமளான் மாதம். ஊரில் எல்லாத் தையல்காரர்களும் இரவு பகலாக வேலை செய்து, இனி எடுக்க மாட்டோம் என்று பலகை தொங்க விட்டிருக்கும் நேரம். அவர் வாசலில் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "நல்லாத் தைப்பாராம், ஆனால் வீட்டுப் பெண்பிள்ளைகளின் துணியை எப்படி அங்கே கொடுப்பது?" என்றார் ஒரு ஹாஜியார். பெண்களின் துணி வேண்டாம், உங்கள் சட்டையைக் கொடுக்கலாமே என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஏன் தெரியுமா? என் பெருநாள் ஜிப்பாவையே நான் வழக்கமான கடையில்தான் கொடுத்திருந்தேன். இமாமே அங்கே போகிறார் என்று யாராவது பேசுவார்களோ என்ற பயம். தராவீஹில் சூரா யூசுபை நின்று ஓதியவன் நான்தான். அவர் மூன்றாவது ஸஃப்பில் நின்று கேட்டுக் கொண்டிருந்தார்.

துல்ஹஜ்ஜு பிறக்குமுன் அவர் மெஷினை விற்று விட்டு, யாரையும் அறியாத திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்து விட்டார். தாயார் தனியே இருந்தார். ஊர் மாறியது நல்லதுதான், நூறு பேரைக் கொன்றவரின் ஹதீதிலும் அந்த ஆலிம் ஊரை விட்டுப் போகத்தானே சொன்னார் என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். ஹதீதைச் சரியாகப் படிக்க வேண்டும். கெட்ட ஊரை விட்டு, அல்லாஹ்வை வணங்கும் நல்லோர் வாழும் ஊருக்குப் போகச் சொன்னார் அவர். நாங்கள் எங்களை நல்லோர் என்று எண்ணிக் கொண்டே ஒருவரை வெளியே அனுப்பினோம்.

அதன் பின் நான் சிறைகளுக்கு பயான் செய்யப் போகும்போதெல்லாம் உள்ளே இருப்பவர்களிடம் தொழிலைப் பற்றிக் கேட்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். கேட்டுத் தெரிந்த சிலவற்றை, உள்ளே ஒரு பிள்ளையோ தம்பியோ இருக்கும் வீட்டாருக்காக எழுதுகிறேன். அப்படிப்பட்ட வீட்டார் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மனு போட்டுப் பார்க்கப் போகும்போது அழுது விட்டு மட்டும் திரும்பாதீர்கள். என்ன வேலையில் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். உழைப்போடு கூடிய சிறைத் தண்டனை பெற்றவர்களுக்கே வேலை கட்டாயம். விசாரணைக் கைதியை வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் தொழில் பயிற்சியும் அவர்களில் பலரை எட்டாமலே போய் விடுகிறது. வருடக் கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் வாலிபன் அங்கே வேறு பாடங்களைக் கற்றுக் கொள்கிறான். அவனாக விரும்பிக் கேட்டால் படிக்க வழி உண்டா என்று அதிகாரிகளிடம் விசாரியுங்கள். அடுத்தது, கற்கும் தொழில் உங்கள் ஊரில் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். மீன்பிடி ஊருக்குத் திரும்பப் போகிறவர் தறியை மட்டும் கற்றுக் கொண்டு வந்தால் அந்தத் தறியை எங்கே போடுவார்? மின்வேலை, குழாய் வேலை, தையல், ரொட்டி அடுப்பு, இவை எந்த ஊரிலும் சோறு போடும். படித்து முடித்தால் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே சேர்ந்த கூலியைக் கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் கேட்டு வாங்கிச் செலவழித்து விடாதீர்கள். அது அவர் வெளியே வரும் நாளின் கோடரி.

மஹல்லாக்காரர்களுக்கு நான் சொல்வது இதை விடச் சுருக்கம். மெஷின் வாங்கிக் கொடுப்பதோடு ஜகாத் நிறைவேறி விடும், சந்தேகமில்லை. ஆனால் சிறை மீண்டவருக்கு மெஷினை விட முதல் துணிதான் கஷ்டம். கடை வாடகைக்குக் கொடுப்பவர் ஜாமீன் கேட்பார். யாராவது ஒருவர் கஃபீலாக நிற்க வேண்டும். கல்லாவில் உட்கார வைக்கப் பயமாக இருந்தால் பட்டறையில் நிறுத்துங்கள். வெளிப்படையாகவே பேசி, எதை ஒப்படைக்கலாம், எதைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவு செய்யுங்கள். எச்சரிக்கையாக இருப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. குடித்ததற்காக அடி வாங்கிய ஒருவரை, அல்லாஹ் உன்னை இழிவுபடுத்தட்டும் என்று ஒரு தோழர் ஏசியபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்று நபியவர்கள் தடுத்தார்கள். தண்டனை முடிந்த அந்த இடத்திலேயே ஏச்சும் முடிந்து விட வேண்டும் என்று அவர்கள் காட்டித் தந்தார்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அவருடைய பிள்ளை மதரஸாவில் உங்கள் பிள்ளையின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். "அவங்க வாப்பா ஜெயிலுக்குப் போனவங்க" என்று உங்கள் பிள்ளை வந்து சொன்னால், நீங்கள் அப்போது என்ன பதில் சொல்கிறீர்களோ, அதைத்தான் மறுநாள் அந்தப் பிள்ளை கேட்கப் போகிறது.

2023 இல் அந்தச் சகோதரரின் தாயார் வஃபாத்தானார்கள். அப்போது நான் வேறு ஊருக்கு வந்து விட்டேன். செய்தி கேட்டு ஜனாஸாவுக்குப் போனேன். அடக்கம் முடிந்து மையவாடி வாசலில் அவரைத் தனியே அழைத்து, 2019 ரமளானைச் சொல்லி, என்னை மன்னித்து விடுங்கள் காக்கா என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெருநாளைக்கு உங்க ஜிப்பாவில் தோள் பக்கம் கொஞ்சம் இழுத்துத் தைச்சிருந்தாங்க ஹஜ்ரத், நான் பார்த்தேன்" என்றார்.

அங்கேயே, சட்டைப் பையில் இருந்த ஒரு துண்டுக் காகிதத்தில் அளவை எழுதிக் கொண்டார். டேப் இல்லை; சாண் வைத்து அளந்தார். துணிக்கு மட்டும் பணம் வாங்கிக் கொண்டார். எவ்வளவு சொல்லியும் கூலி வாங்கவில்லை. பத்து நாளில் தபாலில் ஜிப்பா வந்தது. தோளில் இழுப்பு இல்லை.